ஒரகடம் சாலையில் பல் மருத்துவ ஊர்தி

பல் மருத்துவம் பயில்வோர் 4 ஆண்டுகளை வகுப்பறையிலும் ஆய்வுக்கூடத்திலும் கழித்தபின், ஐந்தாம் ஆண்டு முழுவதும் துறைதோறும் சுழன்று பயிற்சி பெறுதல் வேண்டும். அந்த ஓராண்டில் 3 மாதங்கள் சமூகப் பல் மருத்துவத்திற்கும் கிராமப் பணிக்கும் உரியவை. பல்லைப் பிடுங்கவும் அடைக்கவும் கட்டவும் பிற துறைகள் கற்பிக்கின்றன. பல்லுக்கு உரியவர் எங்கே வாழ்கிறார், என்ன உண்கிறார், இத்தனை நாள் ஏன் வராமல் இருந்தார் என்பவற்றைக் கற்பிக்க வேண்டியவை இந்த 3 மாதங்களே. ஆயினும் மாணவர் பலர் இதனை இளைப்பாறும் காலமாகவே கருதுகின்றனர். மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்குப் படிக்க இதனினும் வாய்ப்பான காலம் இல்லையென்று மூத்த மாணவர்கள் எங்களுக்கு அறிவுரையும் கூறியிருந்தனர்.

எங்கள் குழுவினர் அறுவருக்கும் டிசம்பர் தொடங்கிப் பிப்ரவரி முடியக் கிடைத்த பகுதி, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையிலான ஆலை வட்டாரம். சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் சென்றால் ஸ்ரீபெரும்புதூர். அங்கிருந்து சிங்கப்பெருமாள்கோவிலை நோக்கிச் செல்லும் சாலை, வல்லக்கோட்டையைக் கடந்து, வண்டலூர்–வாலாஜாபாத் சாலையை ஒரகடத்தில் சந்திக்கின்றது. ஒரு தலைமுறைக்கு முன் ஏரிப் பாசனத்தால் நெல் விளைந்த நாடு இது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 2000இல் செயின்ட் கோபைன் கண்ணாடி ஆலை வந்தது. 2006இல் நோக்கியா கைப்பேசி ஆலை வந்து, 2014இல் மூடப்பட்டது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசான் கார்களும், 2012இல் டெய்ம்லர் லாரிகளும் உருவாகத் தொடங்கின. இன்று இச்சாலையில் எந்நேரமும் ஆலைப் பேருந்துகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன.

கைப்பேசி ஆலைகளில் பணிபுரிவோருள் பெரும்பாலோர் இளம் பெண்கள். வல்லம்–வடகாலில் 18,720 பேர் தங்கக்கூடிய விடுதி ஒன்று அவர்களுக்கென 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஆளுக்கு 32 என்று வைத்துக்கொண்டால் அவ்விடுதியில் மட்டும் 5,99,040 பற்கள் என்று எங்கள் குழுவில் ஒருவன் கணக்கிட்டுச் சொன்னான். அந்தப் பெருவிடுதியில் எங்களுக்குப் பணியில்லை. கிராமங்களுக்குள்ளே வாடகைக்கு எடுக்கப்பட்ட சிறு விடுதிகளும், ஒப்பந்தக்காரர்கள் வடநாட்டு இளைஞர்களைத் தங்க வைத்திருக்கும் வரிசை வீடுகளும், எஞ்சியுள்ள பழைய ஊர்களுமே எங்கள் பங்கு. கல்லூரியின் நடமாடும் ஊர்தியில் ஒரு சாய்வு நாற்காலி, காற்றழுத்தப் பொறி, சிறிய எக்ஸ்ரே கருவி, நீர்த்தொட்டி ஆகியவை இருந்தன. வழிநடத்த ஓர் உதவிப் பேராசிரியர் வருவார். ஓட்டுநரோ அப்பகுதியின் ஒவ்வொரு தேநீர்க் கடையையும் அறிந்தவர்.

பழைய ஊர்களில் வருவோர் பெரும்பாலும் முதியவர்கள். நிலத்தை விற்றுவிட்டு வீட்டைப் பெரிதாக்கிக் கட்டியவர்களும் உண்டு, விற்ற பணம் எங்கே போயிற்றென்று அறியாதவர்களும் உண்டு. எழுபதைக் கடந்த மூதாட்டி ஒருவர் நாற்காலியில் அமர மறுத்து, கீழே நின்றபடியே வாயைத் திறந்து காட்டினார். வெற்றிலைக் கறை படிந்திருந்ததேயன்றி ஒரு பல்லும் ஆடவில்லை. "வேப்பங்குச்சி கண்ணு. நீங்கள்ளாம் பசையைப் பூசிப் பூசித்தான் பல்லைக் கெடுத்துக்கறீங்க" என்று எங்களைக் கடிந்துகொண்டார். அந்த அம்மையாரின் பேரனுக்குப் பத்து வயது. கடைவாயில் நான்கு பற்கள் சொத்தை. அவனுக்கு நாள்தோறும் பாக்கெட் தின்பண்டமும் குளிர்பானமும் வாங்கித் தருபவர் யார் என்று கேட்டபோது மூதாட்டி வேறு பக்கம் பார்த்தார்.

உள்ளத்தை வருத்தியவை பெண்கள் விடுதிகளே. அங்கே வந்தவர்களுக்கு வயது 19, 20, 22. திருவண்ணாமலை, தர்மபுரி, விழுப்புரம் எனப் பல மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். இரவு முறையில் கண் விழிக்கத் தேநீரும் ரொட்டியும், விடியலில் அறைக்கு வந்ததும் பல் துலக்காமலே உறக்கம். சர்க்கரை பல்லின்மேல் தங்கும் நேரம் நீள நீளச் சொத்தையும் ஆழமாகும். உறங்கும்போது உமிழ்நீர் குறைவாகச் சுரப்பதால் பல்லுக்கு இயற்கையான காவலும் குறைகின்றது. பலருக்குக் கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லே சொத்தையாகியிருந்தது. ஆறு வயதில் முளைத்து ஆயுள் முழுவதும் மெல்ல உதவவேண்டிய பல் அது.

அப்பல்லைக் காப்பாற்ற முடியாதா? பெரும்பாலும் முடியும். பல்லின் நடுவிலுள்ள கூழ் அழுகியிருந்தால், மேலே துளையிட்டு, வேர்க் குழாய்களை மெல்லிய அரங்களால் சுத்தம் செய்து, மருந்து வைத்து மூடி, சில நாள் கழித்துக் கட்டாபெர்ச்சா எனும் மரப்பாலைக் கொண்டு நிரப்பிவிடலாம். மலேயா நாட்டு மரம் ஒன்றின் பால் நம் ஊர்ப் பெண்ணின் பல்லைக் காக்கின்றது. பின்னர் அதன்மேல் உறை பொருத்தவேண்டும். வேர்ச் சிகிச்சை எனப்படும் இதற்கு ஒரு முறை வந்தால் போதாது, இரண்டு மூன்று முறை வரவேண்டும். பல்லைப் பிடுங்குவதற்கோ பத்து நிமிடம் போதும்.

தர்மபுரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, கன்னம் வீங்கி, இரண்டு இரவு உறங்காமல் வந்தாள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் வேர்கள் உறுதியாகவே இருந்தன. கல்லூரிக்கு மூன்று முறை வந்தால் பல் பிழைக்கும் என்று விளக்கினேன். அவள் விரல் விட்டு எண்ணினாள். மூன்று முறை என்றால் மூன்று நாள் விடுப்பு, மூன்று நாள் கூலி. அம்மாதம் தவறாமல் வருவோர்க்குரிய ஊக்கத் தொகையும் போகும். ஊரில் தம்பிக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டிய மாதம் அது. "பிடுங்கிடுங்க அக்கா, நாளைக்கு மத்தியான ஷிப்டுக்குப் போகணும்" என்றாள். அவள் அறியாமையால் அவ்வாறு கூறவில்லை. கணக்குப் பார்த்தே கூறினாள். அன்று அந்தப் பல்லைப் பிடுங்கினோம். கல்லூரி மருத்துவமனையில் அதனைப் பிடுங்கியிருந்தால் பேராசிரியர் எங்களைச் சும்மா விட்டிருக்கமாட்டார்.

தொழிலாளர் ஈட்டுறுதிக் காப்பீடு இருக்கின்றதே என்று வாசகர் கேட்கலாம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேற்படாதவர்களுக்கு அது உரியது. தொழிலாளியின் ஊதியத்தில் நூற்றுக்கு 0.75ம் முதலாளியிடமிருந்து 3.25ம் அதற்கெனச் செலுத்தப்படுகின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் அட்டை வைத்திருந்தும் மருந்தகம் எங்குள்ளதென்று அறியாதவர்களையும், அறிந்தும் அது திறந்திருக்கும் நேரமும் தம் பணி நேரமும் ஒன்றாயிருப்பதால் போக இயலாதவர்களையும் நாங்கள் கண்டோம். சட்டப்படி தமக்குரியதைக் கேட்டுப் பெறவும் ஒரு பகற்பொழுது ஓய்வாகக் கிடைக்கவேண்டியிருக்கின்றது.

இவ்விடத்தில் தொலைதூர நாட்டுச் செய்தி ஒன்றைக் கூறவேண்டும். எங்கள் குழுவில் ஒருத்தியின் தமக்கை அமெரிக்காவில் பல் மருத்துவம் பயில்பவர். அவருக்கும் எங்களைப் போன்றே வெளிப்பணி. அவர் சென்றது நவஹோ எனும் பழங்குடி மக்களின் நாட்டிற்கு. அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா ஆகிய மாநிலங்களில் பரந்து கிடக்கும் வறண்ட செம்மண் நிலம் அது. 1864இல் அமெரிக்கப் படை அம்மக்களை நூற்றுக்கணக்கான மைல்கள் நடத்திச் சென்று சிறை வைத்தது. 1868இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்பின் அவர்கள் தம் மண்ணுக்குத் திரும்பினர். 1955 முதல் பழங்குடியினருக்கென அரசின் தனி நலத்துறை அங்கே இயங்கிவருகின்றது. சின்லி, ஷிப்ராக் முதலிய ஊர்களில் மருத்துவமனைகள் உள்ளன. நோயாளர் பலர் நெடுந்தொலைவு வண்டியோட்டி வரவேண்டும். அக்குழந்தைகளின் பற்சொத்தை அந்நாட்டுப் பிற குழந்தைகளைக் காட்டிலும் மிகுதி. தின்பண்டமும் இனிப்புப் பானமும் மலிவாய்க் கிடைப்பதைக் கண்டு, நவஹோ மன்றமே 2014இல் அவற்றின்மேல் நூற்றுக்கு 2 கூடுதல் வரி விதித்துச் சட்டம் இயற்றியது. அந்த நாட்டில்தான் நம் புனித கேத்தரின் ட்ரெக்சல், தம் தந்தை விட்டுச் சென்ற செல்வத்தைக் கொண்டு 1902இல் புனித மிக்கேல் பள்ளியை நிறுவினார் என்பதையும் வாசகர்கள் அறிந்திருத்தல் நன்று. 2000ஆம் ஆண்டில் திருச்சபை அவரைப் புனிதர் வரிசையில் சேர்த்தது.

அத்தமக்கை வார இறுதிகளில் பள்ளத்தாக்குகளையும் செங்குத்தான பாறைகளையும் கண்டு படங்கள் அனுப்புவார். நாங்கள் ஒரகடம் சாலையின் லாரி வரிசையைப் படமெடுத்து அனுப்புவோம். "உங்கள் நோயாளர் எவ்வளவு தொலைவிலிருந்து வருகிறார்கள்?" என்று ஒருமுறை கேட்டார். எங்கள் நோயாளர் ஊர்தியிலிருந்து இருநூறு அடி தொலைவில் உறங்கிக்கொண்டிருந்தனர். எழுந்து வருவதற்கு நேரமில்லை. அதை அவருக்கு எழுதிப் புரியவைக்கப் பெரும்பாடாயிற்று.

அந்தக் கேள்விதான் எங்கள் உதவிப் பேராசிரியரைச் சிந்திக்க வைத்தது என்பேன். அதுவரை நாளொரு ஊர் என்று ஊர்தி சுற்றிக்கொண்டிருந்தது. எத்தனை ஊர், எத்தனை நோயாளர் என்று அறிக்கையில் காட்ட அது வசதி. அவரோ கல்லூரியில் வாதாடி, ஒரே விடுதியின் வாயிலில் நான்கு வாரம் தொடர்ந்து, செவ்வாய்தோறும் பிற்பகல் 3 மணி முதல் இரவு வரை ஊர்தி நிற்க இசைவு பெற்றார். காலை முறை முடிந்து திரும்புவோர் உணவுண்டபின் வரலாம். முதல் வாரம் துளையிட்டுச் சுத்தம் செய்தோம். இரண்டாம் வாரம் மீண்டும் மருந்து, மூன்றாம் வாரம் நிரப்புதல், விட்டுப்போனோர்க்கு நான்காம் வாரம். பணி முறை மாறியவர்கள் நடுவில் வர இயலாமல் போனதும் உண்டு. ஆயினும் பிடுங்கப்படவிருந்த பற்கள் பல பிழைத்தன. விடுதிக் காப்பாளர் அம்மையார் முதலில் முகம் சுளித்தார். பின்னர் தமக்கே ஒரு பல் அடைத்துக்கொண்டு, எங்களுக்கு மின் இணைப்பும் தந்தார். இந்த ஏற்பாட்டினால் அறிக்கையில் ஊர்களின் எண்ணிக்கை குறைந்தது. அதற்காக மேலிடத்தில் அவர் விளக்கம் கூற நேர்ந்ததாகவும் கேள்வி.

இனி, ஆடவர் தங்கிய வரிசை வீடுகளைப் பற்றி. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மாநில இளைஞர்கள். எங்களுக்குத் தெரிந்த இந்தி, "மூ கோலியே", "தர்த் கஹாங்" என்ற அளவே. வாயைத் திறவுங்கள், வலி எங்கே என்று பொருள். இவர்களிடம் சொத்தையைவிட அஞ்சத்தக்கது கைனி. புகையிலைத் தூளைச் சுண்ணாம்புடன் உள்ளங்கையில் தேய்த்துக் கீழுதட்டின் உட்புறம் அடக்கிக்கொள்வர். பன்னிரண்டு மணி நேர வேலையில் பசியையும் உறக்கத்தையும் அது மறக்கச் செய்கிறதாம். பாக்கும் புகையிலையும் கலந்த குட்காவைத் தமிழக அரசு 2013இல் தடை செய்தது. கடையின் முன்புறத்தில் இல்லாதது பின்புறத்தில் கிடைக்கின்றது.

பாக்கு மட்டும் மென்றால் தீங்கில்லை என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பாக்கே புற்றுநோய் விளைவிக்கும் பொருள் என்று 2004இல் வெளியிட்ட அறிக்கையில் உறுதியாகக் கூறியுள்ளது. பாக்கினால் கன்னத்தின் உட்சதை நாராக இறுகி, வாய் சிறிது சிறிதாகத் திறவாமற் போகும் நோய் ஒன்றுண்டு. முதலில் காரம் பட்டால் எரியும். பின்னர் கன்னம் வெளுத்துத் தோல்போல் தடிக்கும். சிலருக்கு அதுவே புற்றாக மாறும். இதனை அறிய எளிய சோதனை உள்ளது. தம் நடுவிரல்கள் மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கிடையே நுழைக்க வேண்டும். நுழையவில்லையெனில் மருத்துவரிடம் செல்லுதல் நலம். இரண்டு வாரத்திற்கு மேல் ஆறாத புண், தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு ஆகியவற்றையும் அசட்டை செய்யலாகாது. இவ்விதழைப் படிக்கும் இல்லத்தார், வெற்றிலை போடும் பாட்டியிடமும் தாத்தாவிடமும் இன்றே இச்சோதனையைச் செய்து பார்க்கலாம்.

ஜார்க்கண்டைச் சேர்ந்த 24 வயது இளைஞர் ஒருவர், வேறொருவருக்குத் துணையாக வந்து படியில் நின்றார். சும்மா இருப்பானேன் என்று அவரையும் பார்த்தோம். கீழுதட்டின் உட்புறம், கைனி அடக்கும் இடத்தில், சுருங்கிய வெள்ளைத் திட்டும் அதன் ஓரத்தில் சிறு சிவப்பும். வலி ஏதுமில்லை. வலியில்லாததே இந்நோயின் வஞ்சகம். சதைத் துணுக்கெடுத்துச் சோதிக்க வேண்டும். அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை காஞ்சிபுரம் காரப்பேட்டையில்தான் உள்ளது. பேருந்தில் ஏறினால் போய்விடலாம். ஆனால் அவருக்கு ஓய்வு ஞாயிற்றுக்கிழமை. வெளிநோயாளர் பிரிவோ ஞாயிறன்று இல்லை. மேற்பார்வையாளரிடம் விடுப்புக் கேட்டால், "எந்த நோய்? ஆள் நன்றாகத்தானே இருக்கிறாய்" என்பாராம்.

அடுத்த ஞாயிறு அவரைக் கோவிலில் கண்டேன். எங்கள் தங்குமிடத்திற்கு அருகிலிருந்த சிறு பங்கு அது. திருப்பலியில் பின்வரிசையில் வடநாட்டு இளைஞர் பதினைவர் இருபதின்மர் நிற்பர். தமிழ் மறையுரையில் ஒரு சொல்லும் விளங்காமல், எழுந்தேற்றத்தின்போது மட்டும் நம்மைப் போலவே தலை தாழ்த்துவர். சோட்டா நாகபுரி மலைநாட்டுப் பழங்குடிக் கத்தோலிக்கர்கள். 1885இல் அங்கே சென்று, நிலத்தைப் பறிகொடுத்த ஏழைகளுக்காக நீதிமன்றம் ஏறிய பெல்ஜிய நாட்டுச் சேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ் அடிகளாரின் உழைப்பில் வளர்ந்த திருச்சபையின் மக்கள். அன்று பங்குத் தந்தையிடம் செய்தியைக் கூறினேன். அவர் அதிகம் பேசவில்லை. புதன்கிழமை அருட்சகோதரி ஒருவர் ஒப்பந்தக்காரரின் அலுவலகத்திற்கே சென்று, விடுப்புக் கிடைக்கும் வரை அங்குள்ள நாற்காலியிலேயே அமர்ந்திருந்தாராம். இரண்டு மணி நேரத்தில் கிடைத்துவிட்டது.

ஞாயிறு பிற்பகல்களில் நாங்கள் ஊர் சுற்றினோம். ஸ்ரீபெரும்புதூர் இராமானுசர் பிறந்த ஊர். 1017இல் பிறந்தவர் என்பர். 1991 மே 21 அன்று இராஜீவ் காந்தி உயிர் நீத்த இடத்தில் எழுந்துள்ள நினைவிடமும் அங்குதான். குன்றத்தூர் சேக்கிழார் ஊர். வேடந்தாங்கலில் அம்மாதங்களில் நத்தைகுத்தி நாரைகளும் கூழைக்கடாக்களும் மரங்கள் வளையுமாறு கூடு கட்டியிருந்தன. சுட்டு வேட்டையாடியவர்களைத் தடுக்க வேண்டி, அவ்வூர் மக்கள் 1798இல் கலெக்டர் பிளேஸ் துரையிடம் உரிமைச் சாசனம் பெற்றிருக்கின்றனர். பறவைகளின் எச்சம் விழுந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தனர்.

அச்சரப்பாக்கம் மழைமலை மாதா திருத்தலத்திற்கும் சென்றோம். கடும் வறட்சியில் மக்கள் மன்றாட மழை பெய்ததால் அன்னைக்கு அப்பெயர் என்பர். படியேறும்போது எங்கள் குழுவிலிருந்த இந்து சமயத் தோழி, "பல் வலிக்கு ஒரு சாமி உங்களிடம் உண்டா?" என்று விளையாட்டாகக் கேட்டாள். உண்டு. 249இல் அலெக்சாந்திரியா நகரில் கலகக் கூட்டத்தினர் புனித அப்பொலோனியாவைப் பிடித்து, அடித்துப் பற்களையெல்லாம் உதிர்த்தனர். விசுவாசத்தை மறுக்காவிடில் நெருப்பிலிடுவோம் என்றபோது, அவர் தாமே நெருப்பில் பாய்ந்தார். அந்நகர ஆயர் தியோனீசியுவின் கடிதத்தால் இச்செய்தி நமக்குக் கிடைத்தது. பிப்ரவரி 9 அவர் திருநாள். பல் மருத்துவருக்கும் பல் நோயாளருக்கும் அவரே பாதுகாவலி. தோழி சற்றுநேரம் பேசாமல் ஏறினாள். பின்பு, "மயக்க ஊசி போடாமல் இனி யாருக்கும் பிடுங்கக்கூடாது" என்றாள்.

இளைஞரின் சோதனை முடிவு பிப்ரவரி மூன்றாம் வாரம் வந்தது. புற்று இல்லை. ஆனால் அணுக்கள் மாறத் தொடங்கியிருந்தன. கைனியை அடியோடு விடவேண்டும், திட்டை அகற்றவேண்டும், அதன்பின் மூன்று மாதத்திற்கு ஒருமுறை காட்டவேண்டும் என்று எழுதித் தந்திருந்தனர். அருட்சகோதரி அத்தாளின் படத்தை இளைஞரின் கைப்பேசியிலும் பதிந்து வைத்தார். திட்டை அகற்ற நாள் குறித்தாயிற்று. அதற்கு நான்கு நாள் முன்னதாக ஒப்பந்தக்காரர் அவர்கள் குழுவை ஓசூருக்கு மாற்றிவிட்டார். அருட்சகோதரி தொலைபேசியில் அழைத்தபோது, ஓசூரில் எந்த மருத்துவமனைக்குப் போகவேண்டும் என்று அவரே கேட்டிருக்கிறார். ஓசூரிலுள்ள கன்னியர் இல்லத்தின் முகவரி அனுப்பப்பட்டது. எங்கள் பணிக்காலம் முடியும்வரை அங்கிருந்து செய்தி வரவில்லை.

பிப்ரவரி கடைசி நாளன்று பதிவேடுகளை அடுத்த குழுவிடம் ஒப்படைத்தோம். மீண்டும் வரவேண்டியோர் பட்டியல் மூன்று பக்கம் இருந்தது. உறை பொருத்த வேண்டியவர்கள், நிரப்புதல் பாதியில் நின்றவர்கள், வாயில் திட்டுள்ளவர்கள் என்று தனித்தனியே எழுதி, ஒவ்வொருவரின் பணி முறையையும் வார ஓய்வு நாளையும் எதிரே குறித்திருந்தோம். செவ்வாய்க்கிழமை ஏற்பாட்டை மேலும் இரண்டு மாதம் நீட்டிக்கக் கல்லூரி இசைந்திருந்தது. புதிய குழுவில் ஒருத்திக்கு இந்தி நன்றாகத் தெரியும். ஓசூர் எண்ணை அவளிடமே கொடுத்தோம்.